தோட்டப்புற ஊரில் கோர்ட்டு வழக்கறிஞராக இருப்பது பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோலாலம்பூரில் சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் தொழில் பயிற்சி, செய்கிறீர்கள், இன்னும் ஏழு மாதம் பாக்கி. அப்பா பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்). ஊருக்குத் திரும்பி, கோர்ட்டில் நின்று வாதாடும் வழக்கறிஞராக இருந்து, நம் மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. அண்ணனோ, "முதல்ல பத்து வருஷம் கே.எல்.ல சம்பாதி, அப்புறம் சேவை செய்" என்கிறார். "எத்தனை வருஷம் சம்பாதித்த பிறகு சேவைக்கு வரலாம்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கேட்டது வருஷக் கணக்குதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு கேள்வி: தொழிலும் சேவையும் இரண்டு தனி வேலைகளா, ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டுமா என்பது. அதற்குத்தான் நான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் 28 வருஷமாக இதே தெலுக் இந்தானில் வழக்கு நடத்துகிறேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால் வெட்டியவர்கள். நான் பிறந்த லயம் இப்போது இல்லை. பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை. என் அனுபவம் குற்றவியல் வழக்குகளும் சாலை விபத்து வழக்குகளும்தான், கொஞ்சம் தொழிலாளர் வழக்கு. கம்பெனி வழக்கு, வரி வழக்கு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சபா, சரவாக்கில் வழக்கறிஞர் தொழிலுக்குத் தனிச் சட்டம். கீழே நான் சொல்வதெல்லாம் தீபகற்ப மலேசியாவுக்கு மட்டும். எது சட்டம், எது என் கருத்து என்பதையும் அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் வயிற்றுப்பாடு. பிழைக்க முடியும், ஆனால் முதல் மூன்று வருஷம் இறுக்கமாக இருக்கும். நம் நாட்டில் கோர்ட்டில் பேசுபவர் தனி, பத்திரம் எழுதுபவர் தனி என்ற பிரிவு கிடையாது. 1976-ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டப்படி நீங்கள் இரண்டுமாகத்தான் பதிவாகிறீர்கள். அதனால் சிறிய ஊரில் விசாரணை வழக்கை மட்டும் நம்பி இருப்பவர் அபூர்வம். வீடு வாங்கும் பத்திரம், உயில், இறந்தவர் சொத்தைப் பெயர் மாற்றுவது, இவையெல்லாம் உங்கள் மேசைக்கு வரும். வாடகையை அவைதான் கட்டும். கோர்ட்டு வேலையில் நிலையாக வருவது விபத்து வழக்கு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிவில் வரம்பு 100,000 வெள்ளி (ரிங்கிட்), செசன்ஸ் நீதிமன்றத்துக்கு 10 லட்சம் வெள்ளி. ஆனால் மோட்டார் விபத்து வழக்கில் செசன்ஸ் நீதிமன்றத்துக்கு வரம்பே இல்லை. இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன ஒருவரின் பெரிய வழக்கைக்கூட ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ ஓடாமல் இங்கேயே நடத்தலாம். நம் ஊர்ச் சாலைகளில் லாரியும் மோட்டார் சைக்கிளும் எப்படி ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். இந்த வேலை குறையவில்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. விபத்து வழக்கு என்றால் ரன்னர் வருவார். மருத்துவமனை வார்டிலேயே அடிபட்டவரிடம் கையெழுத்து வாங்கி, பைலை உங்களிடம் கொண்டுவந்து, அதற்குப் பங்கு கேட்பார். கிடைக்கும் நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதையும் சட்டத்தொழில் சட்டம் தடுக்கிறது, ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் தடுக்கிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நான் தனியாக அலுவலகம் திறந்த இரண்டாவது மாதமே ஒருவர் மூன்று பைலோடு வந்து உட்கார்ந்தார். அந்த மாதம் வாடகை கட்டக் கையில் காசு இல்லை. அவரைத் திருப்பி அனுப்பினேன். மனைவியின் வளையலை அடகு வைத்தோம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு மாதம் வரும், அதைத் தாண்டும் அளவுக்குக் கொஞ்சம் சேமிப்போடு வாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அண்ணன் சொல்வதில் அந்த அளவு உண்மை இருக்கிறது. அதற்குப் பத்து வருஷம் தேவையில்லை. ஆறு மாத வாடகையும் ஒரு பழைய காரும் போதும்.

இப்போது சேவை. நம்மவர்கள் 'சமூக சேவை செய்யும் வழக்கறிஞர்' என்றால் உடனே நினைப்பது கோயில் திருவிழா மேடை, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, மாலை. நானும் அதற்கெல்லாம் போகிறேன். பள்ளி வாரியத்தில் இருந்திருக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வழக்கறிஞரால் மட்டுமே செய்யக்கூடிய சேவை காலை எட்டரை மணிக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை.

லோக்காப்பிலிருந்து பையன்களைக் கொண்டுவருவார்கள். ஊதா நிற டீ-சட்டை, வெறுங்கால், இருவரை ஒரே விலங்கில் பூட்டியிருப்பார்கள். போலிஸ் ரிமாண்டு, அதாவது விசாரணைக்காகக் காவலில் வைக்க உத்தரவு, கேட்கும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 5-ஆவது விதி சொல்கிறது. அதற்கு மேல் வைத்திருக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின் கீழ் உத்தரவு வேண்டும். 14 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 வருஷமோ அதற்கு மேலோ என்றால் 7 நாள், மறுபடியும் 7 நாள். இவை உச்ச வரம்புகள். கேட்டதையெல்லாம் அப்படியே கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பிடிபட்டவர் சார்பில் பேச வழக்கறிஞருக்கு இடம் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். "எஸ்.பி.எம். தேர்வு திங்கட்கிழமை தொடங்குகிறது, அடையாளம் காட்டும் அணிவகுப்பு நேற்றே முடிந்துவிட்டது, இன்னும் நான்கு நாள் எதற்கு?" என்று கேட்க ஒருவர் அங்கே நின்றால் நான்கு நாள் இரண்டு நாளாகும். நிற்காவிட்டால் நான்கு நான்குதான். முதுகில் காயம் இருக்கிறதா என்று பார்த்து மாஜிஸ்திரேட்டின் குறிப்பில் ஏற்றச் சொல்வதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இந்த வேலைக்கு ஒரு அமைப்பு இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களை தீபகற்பத்தில் உள்ள ஒவ்வொரு வழக்கறிஞரும் வருஷம் 100 வெள்ளி கட்டித்தான் நடத்துகிறோம். 2011-இல் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, நாம் யாயாசான் என்று சொல்வது, அமைக்கப்பட்டது. குடிமக்களுக்கு ரிமாண்டு, ஜாமீன், தண்டனைக் குறைப்பு வேண்டுகோள் ஆகியவற்றுக்கு அதன் வழக்கறிஞர்கள் வருவார்கள். கட்டணத்தை யாயாசான் கொடுக்கும். தொகை சிறியது, வரவும் தாமதமாகும். ஆனால் நீங்கள் முதல் நாளிலேயே, பத்து வருஷம் காத்திருக்காமல், இதில் பெயர் கொடுக்கலாம். பெரிய ஊர்களில் பெயர்ப்பட்டியல் நீளம். நம் ஊர் மாதிரி இடங்களில் முறை போட்டு வர ஆள் தேட வேண்டியிருக்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலில் எனக்கு மூன்றாவது வருஷம். 19 வயதுப் பையன், சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் காட்டியது, அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 15(1) பிரிவு. அம்மா காலையிலிருந்து படியில் உட்கார்ந்து அழுகிறார். "ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாமா லோயர்?" என்று பையன் கேட்டான். போகலாம் என்றேன். அபராதம் கட்டினார்கள், போனான். அந்தப் பிரிவில் குற்றம் உறுதியானால் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 வருஷம் வரை சிறை என்பதைச் சொன்னேன். அதோடு 38பி பிரிவின் கீழ் குறைந்தது 2 வருஷம் கண்காணிப்பும் உண்டு, முறையாகப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், மீறினால் மறுபடியும் வழக்கு வரும் என்பதை அவனுக்குப் புரியும்படி நான் சொல்லவில்லை. ஜொகூரில் வேலை கிடைத்துப் போனான், கையெழுத்து விட்டுப்போனது, எட்டு மாதம் கழித்து அதே கூண்டில் நின்றான். என்னைப் பார்த்து அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து ஒருவரும் என்னிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன், தண்டனைக்குப் பிறகு வருவது என்ன என்பதை அவர் வாயாலேயே எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். படி ஏறி இறங்க நேரமாகும், மாஜிஸ்திரேட் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

விசாரணைக்கு வருவோம். சேவை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது அங்கேதான் உங்களுக்கு விளங்கும். நம் நீதிமன்றங்களில் மொழி மலாய். சாட்சி தமிழில் பேசினால் மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொல்வார், அதுதான் பதிவாகும். சில வருஷங்களுக்கு முன் ஒரு வழக்கு. அண்ணன் தம்பி சண்டை. தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். வயதான அம்மா யாரோடு போவது என்று தகராறு. ஒரு ராத்திரி தம்பி வந்து கத்தியிருக்கிறார். மறுநாள் அண்ணி போலிஸ் புகார் கொடுத்தார். தம்பி மீது மிரட்டல் குற்றச்சாட்டு, தண்டனைச் சட்டம் 506. புகாரில் மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னால், 'உன்னைக் கவனித்துக்கொள்கிறேன், இரு' என்ற தொனி. நான் அந்தப் புகாரைப் பல தடவை படித்தேன். நம் வீட்டில் இப்படி யாரும் பேச மாட்டார்களே, இதன் தமிழ் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். அப்புறம் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

குறுக்கு விசாரணையில் அண்ணியிடம் ஒன்றுதான் கேட்டேன். "அவர் சொன்ன வார்த்தையைத் தமிழில், அப்படியே சொல்லுங்கள் அக்கா." அவர் சொன்னார், "நான் பார்த்துக்கிறேன்னு சொன்னாரு." அந்தத் தமிழ் வார்த்தையையே பதிவில் ஏற்றும்படி கேட்டுக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். மிரட்டுவது, பொறுப்பேற்றுக் கவனிப்பது என்று அதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு என்பதை அவரே நீதிமன்றத்துக்கு விளக்கினார். 'யாரைப் பார்த்துக்கிறேன் என்றார்?' என்று அடுத்துக் கேட்க நாக்கு துடிக்கும். கேட்கக் கூடாது, பதில் எப்படி வேண்டுமானாலும் வரலாம். "அப்போ அம்மா எங்கே இருந்தாங்க?" என்றேன். "உள்ளே பாயில படுத்திருந்தாங்க. காய்ச்சல்." "அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கிட்டுப் போனது?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவருதான்." உட்கார்ந்துவிட்டேன். அரசுத் தரப்பு முடிந்ததும், எதிர்வாதத்துக்கு அழைக்காமலேயே அவரை விடுவித்தார்கள். கோலாலம்பூரிலிருந்து என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வந்திருக்கலாம். ஆனால் அந்த மலாய் வரிக்குக் கீழே எந்தத் தமிழ் வார்த்தை இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்குமா என்று தெரியாது. உங்களுக்கு வரும்.

இன்னொன்று, விபத்து வழக்கு. குலை வெட்டும் தொழிலாளி, மாலை ஏழு மணி வாக்கில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். ஊத்தான் மெலிந்தாங் போகும் சாலையில், எதிரே செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரியோடு மோதி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். போலிஸ் முடிவு: மோட்டார் சைக்கிள்தான் கோட்டைத் தாண்டியது. காப்புறுதி நிறுவனம் அதையே பிடித்துக்கொண்டது. 'ராஜா காசார்' என்று சொல்லும் கரட்டு வரைபடத்தில் உடைந்த கண்ணாடி இருந்த இடத்தை மட்டும் குறித்திருந்தார்கள். நான் அதே நேரத்தில், அதே மாதத்தில் போய் அந்த இடத்தில் நின்றேன். இது என் வழக்கம், ஒவ்வொரு விபத்து வழக்குக்கும் போய்விடுவேன். அங்கே புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து போலிஸ் எடுத்த படங்களைப் பெரிய வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு படத்தில் சாலையின் மேல் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். அதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் மண், இல்லை ரத்தம் என்று விட்டிருக்கிறார்கள். அவை செம்பனைக் குலையிலிருந்து உதிரும் உதிரிப் பழம். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு சாக்குப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பொறுக்கியிருக்கிறேன், அதன் நிறம் எனக்குத் தெரியும். லாரி வேகமாகத் திரும்பியோ பிரேக் அடித்தோ குலுங்கினால் மேலிருந்து உதிரி கொட்டும். அது கொட்டிக் கிடந்தது மோட்டார் சைக்கிள் வர வேண்டிய பக்கத்தில்.

விசாரணை அதிகாரியிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, இது என்ன, எந்தப் பக்கம் கிடக்கிறது, வரைபடத்தில் ஏன் இல்லை என்று வரிசையாகக் கேட்டேன். நேர்மையான மனிதர், கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். தீர்ப்பில் லாரி மீது 70 சதவீதப் பொறுப்பு. உதிரிப் பழத்தை வைத்து மட்டுமே மோதிய இடத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது, அதை நான் அன்றும் வாதிடவில்லை. மோதிய பிறகு லாரி ஓடிய ஓட்டத்திலும் கொட்டியிருக்கலாம். ஆனால் 'மோட்டார் சைக்கிள்தான் தாண்டியது' என்ற கதையை அது உடைத்தது. இறந்தவரின் மனைவிக்கு மூன்று பிள்ளைகள். பெரியவள் இப்போது தாதி.

அந்த வழக்கு சரியான நேரத்தில் வந்தது. எல்லாம் அப்படி வருவதில்லை, இதை நீங்கள் முதல் நாளிலிருந்தே ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்தால், அவரை நம்பியிருந்தவர்களின் வழக்கு 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி இறந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் தாக்கலாக வேண்டும். காயம்பட்டவரின் வழக்குக்கு 6 வருஷம். அரசாங்க வண்டி என்றால் 36 மாதம். வேலையிலிருந்து நியாயமில்லாமல் நீக்கினால் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் முறையிட 60 நாள்தான். என்னிடம் ஒரு விதவை 3 வருஷம் 4 மாதம் கழித்து வந்தார். அதுவரை 'கேஸ் போய்க்கிட்டு இருக்கு' என்று யாரோ ஒரு ஏஜெண்டு சொல்லி வந்திருக்கிறார். எங்கும் எதுவும் தாக்கல் ஆகவில்லை. நான் எவ்வளவு தேடியும் வழி கிடைக்கவில்லை. கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு உட்கார ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, காலை பத்திலிருந்து ஒன்று வரை. கட்டணம் கிடையாது. அங்கே வழக்கு எடுப்பதில்லை என்று எனக்கே ஒரு விதி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் நானும் வேறு பெயரில் ரன்னர் வேலைதான் செய்ததாக ஆகும். வழக்கு வேண்டும் என்றால் ஈப்போ சட்ட உதவி மையத்தின் முகவரியும் ஊரில் உள்ள மற்ற வழக்கறிஞர்களின் பெயரும் கொடுப்பேன்.

அந்த மேசைக்கு வருவதில் பாதி, வழக்கே இல்லை, தாள். கோயிலில் தாலி கட்டி 20 வருஷம் வாழ்ந்திருப்பார்கள், பதிவு கிடையாது. 1982 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவது கட்டாயம். கணவர் போனபின் நஷ்டஈடு கேட்டாலும் சேமநிதி கேட்டாலும், நீ மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எழும். பதியாத திருமணத்துக்கு எந்த இடத்தில் எவ்வளவு மதிப்பு என்பதில் நீதிமன்றங்கள் எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி சொல்லவில்லை. அதனால் உறுதி கொடுக்காதீர்கள், உயிரோடு இருக்கும்போதே பதியச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள், சிவப்பு அடையாள அட்டையோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை) கிழவராகிப்போனவர்கள் வருவார்கள். இங்கே எனக்கு வரம்பு இருக்கிறது. படிவம் நிரப்பலாம், சத்தியப் பிரமாணம் தயாரிக்கலாம், பதிவிலாகாவுக்குக் கூடப் போகலாம். குடியுரிமை கொடுப்பது என் கையிலும் இல்லை, பல வகைகளில் நீதிமன்றத்தின் கையிலும் இல்லை. 2024-இல் நாடாளுமன்றம் அரசமைப்பின் குடியுரிமைப் பகுதியைத் திருத்தியிருக்கிறது. அதனால் நான் பழைய நினைவில் இருந்து யாருக்கும் வயது வரம்பு சொல்வதில்லை, ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைத் திறந்துதான் சொல்கிறேன். வேலையில் கை விரல் போனவர் முதலாளி மீது வழக்குப் போட வேண்டும் என்று வருவார். சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) இருப்பவர் வேலைக் காயத்துக்கு முதலாளி மீது வழக்குப் போட 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு தடை. அவரை வழக்குக்கு இழுக்காமல் நேராக சொக்சோ அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் நல்ல வழக்கறிஞர் வேலை.

தோட்டம் விற்கும் விஷயம் தனி. அதில் நீங்கள் வீரமாக எதையும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற நில வாரியத்தின் அனுமதி வேண்டும், தேசிய நிலச் சட்டம் 214ஏ. வேலை போனால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி சலுகைத் தொகை உண்டு: 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருஷம் வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். இவை உறுதியானவை, கணக்குப் போட்டுக் கேட்கலாம். வீடு வேறு. மூன்று தலைமுறை அந்த லயத்தில் வாழ்ந்தாலும், வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு போகும் என்றுதான் சட்டம் பொதுவாகப் பார்க்கிறது. காலி செய்யும் வழக்கைச் சுருக்க நடைமுறையில் போடுவார்கள். நான் அப்படி வந்த வழக்குகளில் நேரத்தை வாங்கியிருக்கிறேன், பேசி மாற்று வீடு வாங்கியிருக்கிறேன், தீர்ப்பில் வீட்டைக் காப்பாற்றியது இல்லை. கோயிலை இடிக்க வந்தபோது பள்ளி விடுமுறை வரை தள்ளிவைத்ததே ஒரு வெற்றி என்று நினைத்த நாள் உண்டு. முதல் கூட்டத்திலேயே மக்களிடம் இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். பொய் நம்பிக்கை கொடுத்தவரை அவர்கள் கடைசிவரை மன்னிப்பதில்லை, அது சரிதான்.

ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்களைப் பற்றி வீட்டில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருவரும் வழக்கறிஞர்கள், மக்கள் முற்போக்குக் கட்சியை வளர்த்தவர்கள், டி.ஆர். 1969-இல் காலமானார். காசு வாங்காமல் ஏழைகளுக்கு வாதாடினார் என்று என் அப்பா காலத்துப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தத் தொழில் மேல் ஆசையே வந்தது. அதனாலேயே நம்மில் பலர் நல்ல வழக்கறிஞர் என்றால் அடுத்தது அரசியல் என்று நினைக்கிறார்கள். உங்களையும் மூன்றாவது வருஷத்தில் யாராவது கூப்பிடுவார்கள். என் கருத்து, இது கருத்து மட்டும்தான்: முதல் பத்து வருஷம் போகாதீர்கள். எதிர்க்கட்சிக்காரர் மகன் லோக்காப்பில் இருந்தாலும் அவர் அம்மா தயங்காமல் உங்கள் கதவைத் தட்ட வேண்டும்.

மீதமுள்ள ஏழு மாதத்தில் என்ன செய்யலாம்? சேம்பரிங்கில் மூன்று மாதம் முடிந்ததும் ஷார்ட் கால், அதாவது பயிற்சிக் காலத்திலேயே நீதிமன்றத்தில் நிற்க அனுமதி, வாங்கி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நிற்கலாம். உங்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டரிடம் கேளுங்கள், பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். கே.எல். சட்ட உதவி மையத்தின் ரிமாண்டு முறைக்குப் பெயர் கொடுங்கள். விசாரணை நடக்கும் அறையில் பின்வரிசையில் உட்காருங்கள், குறிப்பாகக் காவல் அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாட்களில். மலாயைக் கோர்ட்டு மலாயாகப் பழக்குங்கள், பேச்சு மலாய் போதாது. தமிழையும் விடாதீர்கள், சாட்சியின் வாக்குமூலத்தை முதலில் தமிழிலேயே, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், அப்புறம் மலாயில் மாற்றுங்கள். அண்ணனிடம் ஆறு மாத வாடகைக்கு உதவி கேளுங்கள். அவர் அக்கறையில்தான் பேசுகிறார், கணக்கைக் காட்டினால் கேட்பார் என்று தோன்றுகிறது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு திங்கட்கிழமையாகப் பார்த்து வாருங்கள். ஏழே முக்காலுக்கு நீதிமன்றக் கேண்டீனில் இருப்பேன், எட்டரைக்கு ரிமாண்டு. பேனாவும் ஒரு நோட்டும் போதும். வரும் பையன்களில் யாருடைய வீட்டுக்கு இன்னும் தகவல் போகவில்லை என்று கேட்டு எழுதுங்கள், அந்தப் போன்களை நீங்கள் செய்யலாம்.